சாமிக்கே வைக்கலாம் என்று சொன்னேன்

போன வருடம் தைப்பூசத்துக்குச் சில நாட்களுக்கு முன்பு, மலேசியாவில் சுங்காய் என்ற ஊரில் ஒரு வீட்டு வரவேற்பறையில் நடந்தது இது. சுவரில் பலூன் கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சாமி மேடையில் நான் செய்த கேக் இருந்தது. அந்த அறையில் நான் வாய் திறந்து சொன்ன ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

நான் ஈப்போவில் வீட்டிலிருந்தபடியே பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கேக் செய்து கொடுப்பவள். முன்பு பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். பள்ளியில் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்கு விளையாட்டாக யானை வைத்து ஒரு கேக் செய்யப்போய், அது பல கைப்பேசிகளில் சுற்றி, கடைசியில் வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்கிவிட்டேன். டைனோசர், ராக்கெட், தேவதை, தீயணைப்பு வண்டி என்று பிள்ளைகள் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொன்னதில்லை. எல்லாம் மார்ஷ்மெல்லோவின் புண்ணியம். அந்த மெத்தென்ற மிட்டாயை உருக்கி, மாவுச் சர்க்கரை சேர்த்துப் பிசைந்தால் பிள்ளைகள் விளையாடும் களிமண் போல ஒரு இனிப்பு மாவு கிடைக்கும். அதில் எந்த உருவமும் பிடிக்கலாம். கேக்கின் மேல் நீங்கள் பார்க்கும் பொம்மைகள் எல்லாம் பெரும்பாலும் அதுதான்.

என்னிடம் கேக் எடுப்பவர்களில் தமிழர்களும் உண்டு, மலாய்க்காரர்களும் உண்டு. மலாய்க்காரர்கள் கேட்கும் கேள்வி வேறு, நம்மவர்கள் கேட்கும் கேள்வி வேறு. வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, இரண்டு கேள்விக்கும் இரண்டு மொழியில் பதில் என் நாக்கு நுனியிலேயே இருக்கும். யோசிக்கவே தேவையில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தப் பிறந்தநாள் பையனின் அம்மா சுங்காயிலிருந்து போன் செய்தார். பழைய ரப்பர் தோட்டத்துக் குடும்பம். முதலாளி தோட்டத்தை விற்று, அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்ட பிறகு, பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடியேறியவர்கள். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். பையனுக்கு ஏழு வயது முடிகிறது. அப்பாவின் லாரி மாதிரியே ஒரு கேக் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம்.

"போன பொறந்தநாளுக்கு ஆஸ்பத்திரில கெடந்தான்க்கா. டிங்கி. இரத்தம் எல்லாம் எறங்கிப்போயி, டாக்டரே பேசாம நின்னுட்டாரு. அப்ப வேண்டிக்கிட்டேன், எம்புள்ளய காப்பாத்து, தைப்பூசத்துக்கு ஈப்போ கோயில்ல அவன் கையாலயே பால்குடம் தூக்க வைக்கிறேன்னு. இப்ப வீடே விரதம்லா. ஆனா இவனுக்குப் போன வருஷமே கேக்கு இல்ல. அதான் சைவமா ஒண்ணு செஞ்சிடலாம்னு."

"செஞ்சிடலாம் தங்கச்சி" என்றேன்.

"முட்ட இல்லதானேக்கா?"

"தயிர்தான் போடுவேன். முட்ட வாசமே இருக்காது."

மறுநாள் மறுபடி போன். சுத்தமாக இருக்கும்தானே என்று கேட்டார். அதற்கடுத்து லாரியின் நிறத்தைச் சொல்லக் கூப்பிட்டபோதும் அதே கேள்வி. வேற ஒண்ணும் கலக்க மாட்டீங்கதானே, புள்ள விரதம் இருக்கான், அதான் கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க என்று இழுத்தார். நான் கோவித்துக்கொள்ளத்தான் செய்தேன். இத்தனை வருடம் தொழில் செய்கிறவளிடம் இது என்ன சந்தேகம் என்று எரிச்சல் வந்தது. "ஐயோ தங்கச்சி, எத்தன தடவ கேப்பீங்க? என் கேக்க நேரா சாமிக்கே வைக்கலாம்லா" என்று சொல்லி வைத்தேன். அவர் சிரித்தார். "அப்ப சாமிக்கு வச்சிட்டே வெட்டுறோம்க்கா" என்றார்.

அந்த லாரியை நான் ரசித்துச் செய்தேன் என்பதை மறைக்க மாட்டேன். நீல முகப்பு, சேறு படிந்த சக்கரம், பின்னால் திறந்த தொட்டி. தொட்டி நிறையச் செம்பனைக் குலை. ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியாக உருட்டி, அடியில் ஆரஞ்சும் நுனியில் கறுப்புமாகத் தீட்டினேன். கூடவே செய்த கப்கேக் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னக் குலை. மிஞ்சிய உதிரிப் பழங்களை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டேன், வழியில் ஏதாவது உதிர்ந்தால் ஒட்டுவதற்கு. காம்பார் தாண்டி நெடுஞ்சாலையில் போகும்போது நிஜமான செம்பனை லாரி ஒன்று என்னைக் கடந்து போனது. என் லாரிதான் அதைவிட அழகு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

வீட்டு வாசலிலேயே பையன் நின்றுகொண்டிருந்தான். ஒல்லியாக இருந்தான், நெற்றியில் பட்டை விபூதி, கழுத்தில் துளசி மாலை. பெட்டியைத் திறந்ததும் அவன் உள்ளே ஓடினான். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, லாரியின் முன்னால் நிறுத்தினான். அப்பா குனிந்து பார்த்து, "என் பிளேட் நம்பரே இருக்குடா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உதிரிப் பழ டப்பாவைத் திறந்து ஒரு பழத்தை எடுத்து, "டிரைவர் மகன் முதல்ல ருசி பாக்கட்டும்" என்று அவன் வாயில் போட்டேன். என் கையாலேயே போட்டேன். அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், சிரித்துக்கொண்டு.

கேக்கைச் சாமி மேடையில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். ஊதுபத்தி ஏற்றி, தீபம் காட்டி, கேக்குக்கும் ஒரு பொட்டு விபூதி வைத்தார் பையனின் அம்மா. பிறகு வெட்டுவதற்காக மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா தன் சின்ன மகளோடு உள்ளே வந்தார். இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக விளையாடுகிறவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. கேக்கைப் பார்த்து வாயில் கை வைத்து வியந்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, யாருக்கும் சங்கடம் இல்லாமல் மெல்லிய குரலில், மலாயில் கேட்டார். இதில் ஜெலட்டின் இருக்கிறதா, என் மகள் சாப்பிடலாமா என்று. இதைத்தான் எல்லா மலாய் வாடிக்கையாளர்களும் கேட்பார்கள். மார்ஷ்மெல்லோவை மார்ஷ்மெல்லோ ஆக்குவதே ஜெலட்டின்தான், விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை. அது பன்றியிலிருந்து வந்ததா என்பதுதான் முஸ்லிம்களான அவர்கள் கவலை.

என் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. அவர் மெதுவாகக் கேட்டார். நான்தான் பெருமையாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ஜங்கான் ரிசாவ், கா. ஹலால். ஜெலட்டின் லெம்பு!"

கவலைப்படாதீர்கள், இது மாட்டு ஜெலட்டின் என்று சொன்னேன்.

சொல்லி முடித்து, சிரித்த முகத்தோடு திரும்பினேன். பையனின் அம்மா கையில் தீப்பெட்டியோடு அப்படியே நின்றிருந்தார். எனக்கு இன்னும் ஒன்றும் உறைக்கவில்லை. ஏன் இப்படிப் பார்க்கிறார் என்றுதான் யோசித்தேன்.

பையன்தான் கேட்டான். "ம்மா, லெம்புன்னா மாடுதானே?"

அப்போதுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. மலாயில் நூறு பேருக்குச் சொன்ன பதில், தமிழில் நூறு பேருக்குச் சொன்ன பதில், இரண்டும் என் தலைக்குள் வேறு வேறு அறையில் இருந்திருக்கின்றன. ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. கடைக்காரரிடம் விசாரித்து, மாட்டு ஜெலட்டின்தான் என்று உறுதி செய்துகொண்டு வந்தவளே நான்தான். மலாய் வாடிக்கையாளர்களுக்காக அவ்வளவு அக்கறையாக விசாரித்தேன். அதே மாவைத்தான் விரதக்காரர்களுக்கும் பிசைந்தேன். முட்டை இல்லை என்றால் சுத்தம் என்று என் புத்தி அங்கேயே நின்றுவிட்டது.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் கேவலம். பொய் சொன்னேன்.

"இல்ல தங்கச்சி, அது... வேற கேக்குக்கு போடுறது. அவங்க கேட்டாங்கன்னு பொதுவா சொன்னேன்."

பையனின் அம்மா கத்தவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்ப இதுல என்னக்கா போட்டிருக்கீங்க?"

நாக்கு நுனியில் ஒன்றும் இல்லை. சாமி மேடையில் இருந்த கேக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் முகமே அவருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். தீப்பெட்டியைக் கீழே வைத்தார். "எத்தன தடவக்கா கேட்டேன் உங்கள" என்று மட்டும் சொன்னார். அவர் என்னை நான்கு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அப்பா பையனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. அவன் நிஜமாகவே விரலை விட்டு வாந்தி எடுக்கப் பார்த்தான் போலிருக்கிறது, "வேணாண்டா, வேணாண்டா" என்று அப்பா கெஞ்சினார். பிறகு அவன் அழுகை. "நான் பால்குடம் தூக்க முடியாதாப்பா? முருகன் கோவிச்சுக்குவாரா? எனக்கு மறுபடி காச்ச வருமா?" அந்தக் கேள்விகள் எல்லாம் கதவைத் தாண்டி வந்து என் மேல் விழுந்தன. தொப்பி போட்ட பிள்ளைகள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மலாய்க்கார அக்காவுக்கு மெல்ல விஷயம் புரிந்தது. அவர் முகம் வெளுத்துப் போய்விட்டது. பையனின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னித்துக்கொள், நான் கேட்டிருக்கவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு தப்பும் செய்யாதவர் அவர். அந்த அறையில் முதலில் மன்னிப்புக் கேட்டது அவர்தான். நான் இன்னும் கல்லு மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

"நல்லதாப் போச்சுக்கா, நீங்க கேட்டது. இல்லன்னா எல்லாப் புள்ளயும் சாப்பிட்டிருக்கும்" என்று மலாயில் அவருக்கு ஆறுதல் சொன்னார் பையனின் அம்மா. பிறகு கோயில் ஐயாவுக்குப் போன் செய்தார். தெரியாமல் சாப்பிட்ட குழந்தைக்கு என்ன தோஷம், குளிப்பாட்டி விபூதி பூசி விரதத்தைத் தொடரச் சொல்லுங்கள் என்று அவர் சொன்னாராம். பையனின் அம்மாவே அதைக் குளியலறைக் கதவில் வாயை வைத்து மகனுக்குச் சொன்னார். அழுகை கொஞ்சம் அடங்கியது. நான் மூச்சு விட்டேன். தெரியாமல் சாப்பிட்ட குழந்தைக்குத் தோஷம் இல்லை, சரி. தெரிந்து செய்தவளுக்கு என்ன என்று யாரும் அந்த ஐயாவிடம் கேட்கவில்லை.

கேக்கைச் சாமி மேடையிலிருந்து இறக்கி, இடத்தை மஞ்சள் தண்ணீரால் துடைத்தார்கள். நானும் துணியை எடுத்தேன். "வேணாம்க்கா" என்றார். என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டார். பிறகு கேக்கையும் கப்கேக் தட்டையும் மலாய்க்கார அக்காவிடம் கொடுத்தார். நல்ல கேக்கு, வீணாகக் கூடாது, உங்க புள்ளைங்க சாப்பிடட்டும் என்றார். அவர் வாங்கத் தயங்கினார். கடைசியில் அழமாட்டாத குறையாக வாங்கிக்கொண்டார்.

ஈரத் தலையோடு, புது விபூதியோடு பையன் வெளியே வந்தபோது, அவன் அப்பாவின் நீல லாரி குலைகளோடு வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவன் கேட் வரை போய் நின்று பார்த்தான். போன வருடமும் கேக் இல்லை, இந்த வருடமும் இல்லை.

அம்மா சமையலறையிலிருந்து ஒரு தர்பூசணியை எடுத்து வந்து பாதியாக வெட்டி, அதன் நடுவில் மெழுகுவத்தியைக் குத்தினார். பிள்ளைகள் கைதட்டிப் பாடினார்கள். பிள்ளைகள் பிள்ளைகள்தானே, ஊதி அணைத்ததும் சிரித்தான். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். சைவ மீகூன் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றும் பையனின் அப்பா சொன்னார். அப்போதுதான் என் வாயிலிருந்து மன்னிப்பு வந்தது, அதுவும் அரைகுறையாக. பொய் சொன்னதற்கும் சேர்த்துக் கேட்க நினைத்தேன். அழுகை முந்திக்கொண்டது. சாப்பிடாமல் காருக்கு ஓடிவந்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் என்னையே ஏசிக்கொண்டேன். முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் என்ற பரோட்டாவுக்குக் குழம்பு ஊற்றினால், அந்தக் கரண்டி மாட்டுக் குழம்பில் விழுந்ததா என்று நிறுத்திக் கேட்பவள் நான். கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து வந்ததும் உண்டு. அப்படிப்பட்டவள் தினமும் அந்த மாவைக் கையால் பிசைந்து, ருசி சரியா என்று நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். என் வீட்டு முருகனுக்கே எத்தனை கப்கேக் படைத்திருக்கிறேன். புரட்டாசி மாதத்தில் "ஸ்பெஷல் சைவக் கேக்" என்று விளம்பரம் போட்டு விற்றிருக்கிறேன். ஒவ்வொரு பொம்மையாக நினைவுக்கு வந்தது. குழந்தைகள் முதலில் கடிப்பது பொம்மையின் தலையைத்தான்.

வீட்டுக்காரர் கேட்டுவிட்டு, "தெரிஞ்சா செஞ்ச? யாருக்கும் தெரியாது, விடு. இனிமே மாத்திக்க" என்றார். இரண்டு நாள் நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் "எத்தன தடவக்கா கேட்டேன்" என்றே கேட்டது. கடைசியில் என்னிடம் கேக் எடுத்த எல்லா நம்மவர்களுக்கும் நடந்ததைச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். சிலர் கண்டபடி ஏசினார்கள். சிலர் என் எண்ணையே தடை செய்துவிட்டார்கள். "அட விடுக்கா, நாங்க மிட்டாய்லயே தின்னுக்கிட்டுதான் இருக்கோம்" என்று சிரித்தவர்களும் உண்டு. ஒரு அம்மா மட்டும், தன் வீட்டுப் பெரியவர் ஒருவர் சாகும் முன் கடைசியாக ஆசைப்பட்டுச் சாப்பிட்டது என் கப்கேக்தான் என்று எழுதினார். அந்தச் செய்திக்கு என்ன பதில் போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தைப்பூசத்தன்று ஈப்போ கோயிலுக்குப் போகும் வழியில், தண்ணீர்ப் பந்தல் ஒன்றின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒளிந்துகொண்டிருந்தேன் என்பதே சரி. அந்தப் பையன் வருவானா, தூக்குவானா என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெயில் ஏறிய பிறகு வந்தார்கள். மஞ்சள் வேட்டி, மொட்டைத் தலை, தலையில் குட்டிப் பால்குடம். அப்பா ஒரு கையால் குடத்துக்கு அண்டை கொடுத்துக்கொண்டே வந்தார். வாயைக் கட்டியிருந்ததால் அவன் கண்கள் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டு போயின. சூடான தார் ரோட்டில் அந்தச் சின்னக் கால்கள் நடந்ததைப் பார்த்து, பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அபிஷேகம் முடிந்து அவர்கள் அதே வழியாகத்தான் திரும்பினார்கள். என்னை முதலில் பார்த்தது பையன். "ம்மா, கேக்கு ஆண்டி!" என்று கத்தினான். எனக்கு ஓடவும் முடியவில்லை. அருகில் வந்தார்கள். "நான் முடிச்சிட்டேன் ஆண்டி" என்றான், ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தவன் மாதிரி. பையனின் அம்மா என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. பிறகு கையிலிருந்த செம்பைச் சாய்த்து, "புள்ள தூக்குன பாலுக்கா" என்றார்.

இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன். வாங்கிக் குடித்தேன்.

அவர் அதன்பிறகு என்னிடம் கேக் எடுக்கவில்லை. எடுப்பார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. இப்போது ஜெலட்டின் இல்லாமல்தான் மாவு பிசைகிறேன், பொம்மைகளின் விரல் சீக்கிரம் வெடித்துவிடுகிறது, வெடித்தால் மறுபடி செய்கிறேன். ஒரே கேள்வியை ஒரு தாய் எத்தனை முறை கேட்டாலும் எரிச்சல் வருவதில்லை, ஒவ்வொரு முறையும் பாக்கெட்டை எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். ஏனென்றால், அன்றைக்கு அந்தச் செம்பில் என்ன இருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அவர் கொடுத்ததை அப்படியே நம்பிக் குடித்தேன். என் விரலில் இருந்த அந்தச் சின்னப் பழத்துக்கு அவருடைய மகனும் அப்படித்தான் வாயைத் திறந்தான்.